முத்திரைக்காரர் குத்திய காடு

என் வீட்டுக்காரரை முத்திரைக்காரர் என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் அடையாளம் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர் வீட்டுக்காரியே கொஞ்சம் யோசிப்பாள். தலைமைத் தபால் நிலையத்தில் கடிதங்களின் மேல் தேதி முத்திரை குத்துகிற வேலை அவருக்கு. சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அதே மேசை, அதே வேலை. அரைக்காசு உத்தியோகம் ஆனாலும் அரசாங்க உத்தியோகம் என்று சொல்லித்தான் என் அப்பா என்னை அவர் தலையில் கட்டினார்.

ஒருமுறை அவருக்கு மறந்துபோன கண்ணாடியைக் கொண்டு கொடுக்கப் போனபோது அந்த வேலையை நேரில் பார்த்தேன். இடது கை கடிதத்தை நகர்த்தும். வலது கை ஸ்டாம்ப் பேடில் ஒரு தட்டு, தபால்தலையில் ஒரு தட்டு. முகத்தில் சாமி கும்பிடுகிறவரின் அமைதி. விழுகிற வட்டத் தடத்துக்கு அவர்கள் ஆபீசில் இம்ப்ரெஷன் என்று பெயர். போஸ்ட் மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தால், "என்னப்பா, இம்ப்ரெஷன் எப்படி விழுது?" என்றுதான் கேட்பாராம். நலமா என்று கேட்கமாட்டார். இம்ப்ரெஷன் நன்றாக விழுந்தால் ஆளும் நலமாகத்தான் இருப்பார் என்று கணக்கு.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு தடவை குத்தக் கூடாது. முதல் தடவை அரைகுறையாக விழுந்தாலும் விழுந்ததுதான். அதன் மேல் இன்னொன்றைக் குத்தினால் இரண்டையும் படிக்க முடியாமல் போகும். நல்ல சட்டம்தான், ஆனால் இந்த மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். ஒரு பேச்சை இரண்டாம் முறை சொல்லமாட்டார். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை என்றால் அது என் தலையெழுத்து. ஒருமுறை பட்ட இடத்துக்குத் திரும்பவும் போகமாட்டார்.

பட்ட இடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவருக்கு ரோசம் அதிகம். அடித்தால்கூடத் தாங்குவார், சிரித்தால் தாங்கமாட்டார். கல்யாணமான புதிதில் அவர் பாடுவார். காலையில் குளிக்கப் போனால் வெளியே வருகிறவரை பாட்டுதான். நன்றாகப் பாடினாரா என்று கேட்காதீர்கள், புதுப் பெண்டாட்டிக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அவருடைய சித்தப்பா மகன் கல்யாண வரவேற்பில் யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு வரி பாடியிருப்பார். முன்வரிசையில் ஒரு கூட்டம் சிரித்தது. பாதி வரியில் நிறுத்தி, மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சிரிச்சாங்க" என்றார். அவ்வளவுதான். அன்றோடு எங்கள் வீட்டில் பாட்டு நின்றது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். சைக்கிள் கதையும் இதேதான். தெருமுனையில் விழுந்தார், டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சைக்கிள் மறுநாளே தங்கை மகனுக்குப் போய்விட்டது.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர் ஒடுங்கிப் போனார். ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொடையில் மாறி மாறித் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு தட்டு பேடுக்கு, ஒரு தட்டு கடிதத்துக்கு. கடிதம்தான் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் போட்டது அப்படியே இருக்கும். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார். வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று வயதானவர்களைப் பற்றிச் சொல்வார்கள் இல்லையா, அந்தப் பேச்சு அடிக்கடி நினைவுக்கு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

காடு நிஜமாகவே அவரைக் கூப்பிட்டது. ஆனால் நான் பயந்த காடு இல்லை.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஓவியக் கூடம் ஒன்று இருந்தது. சிலரைப் பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள் என்பார்கள். ஓவியக் கூடத்தைப் பொறுத்தவரை நாங்கள் அந்த ஜாதி. அன்று மழைக்குத்தான் ஒதுங்கினோம். மழை விடுவதாகத் தெரியவில்லை. வாசலில் நின்று கால் கடுத்ததால் உள்ளே போனோம்.

மூன்றாவது அறையில் ஒரு காட்டுப் படம் மாட்டியிருந்தது. கதவு அகலத்துக்கு இருக்கும். இவர் நேராக அதனிடம் போய், மூக்கு படுகிற தூரத்தில் நின்றுகொண்டார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கிட்டே போகிறார் என்று நினைத்தேன். என் கண்ணுக்கு அது கலர் கலராகப் புள்ளிகள் மட்டும்தான். மரம் ஊதாவும் செங்கல் நிறமுமாக இருந்தது, நிழல் நீலமாக இருந்தது, ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தடித்துக்கொண்டு நின்றது.

"குத்தியிருக்கான்" என்றார் மெதுவாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரை?"

"அட, இலையை. இது வரைஞ்சது இல்ல. ஒவ்வொண்ணா குத்தினது. பாரு, ஒண்ணு மேல ஒண்ணு விழல."

அங்கே காவலுக்கு இருந்தவர், "ஐயா, அவ்வளவு கிட்ட போகாதீங்க. தள்ளி நின்னு பாருங்க" என்றார். நாங்கள் பின்னால் நகர்ந்தோம். நகர நகர அந்தப் புள்ளிகள் ஒன்றுகூடின. மரங்கள் எழுந்து நின்றன. நடுவில் ஒரு பாதை கிடந்தது, அதன் மேல் வெயில் அங்கங்கே சிந்தியிருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, எனக்கு வெயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையை இவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "காட்டுக்குள் ஒரு பாதை. எண்ணெய் வண்ணம். போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்." நிறுத்தினார். மறுபடியும் படித்தார். ஒரு விஷயத்தை அவர் இரண்டாம் முறை செய்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் பல்பு எரிந்தது.

"நம்ம ஆளு" என்றார்.

"யாரு?"

"இதை வரைஞ்சவர். தபால் ஆபீஸ்ல முத்திரை குத்தினவர். போஸ்டுன்னும் போட்டிருக்கு, இம்ப்ரெஷன்னும் போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

எனக்கும் சந்தேகமே வரவில்லை. போலீஸ்காரர் கவிதை எழுதுகிறார், பல் டாக்டர் வீணை வாசிக்கிறார், முத்திரை குத்துகிறவர் படம் வரைந்தால் என்ன? அத்தனை பெரிய கூடத்தில் நம் இலாகாக்காரர் படத்தை மாட்டியிருக்கிறார்களே என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. காவலுக்கு இருந்தவரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

மறுவாரமே எங்கள் சாப்பாட்டு மேசை பறிபோனது. மற்றவர்கள் படத்தைச் சட்டத்தில் நிமிர்த்தி வைத்து வரைவார்களாம். இவருக்கு அது சரிப்படவில்லை. கடிதத்தை யாராவது சுவரில் மாட்டியா முத்திரை குத்துவார்கள்? மேசையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் கான்வாஸைப் படுக்க வைத்தார். தூரிகை மயிரைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினார். அதை முத்திரைக் கட்டையைப் பிடிக்கிற மாதிரி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, சாயத் தட்டில் ஒரு தட்டு, கான்வாஸில் ஒரு தட்டு. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். வீடு முழுக்க டர்பன்டைன் வாசனை. கதவுக் கைப்பிடியில் பச்சை, பால் பாத்திரத்தில் பச்சை, என் தலையணை உறையில் எப்படி வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

காடு என்று ஒன்றை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் போய் உட்கார்ந்து, அங்கே விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய மரங்களைப் பார்த்துவிட்டு வந்து, அவற்றையே வளர்த்துக் காடாக்குவார். முதல் படம் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன், என் வாய் சும்மா இருக்குமா? அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நான் சொல்வதெல்லாம் சிரிப்பில் சேராது போலிருக்கிறது.

மூன்றாவது படமோ நான்காவதோ, சமையலறையிலிருந்து டீயோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மேசையில் படுத்திருந்த அந்தக் கான்வாஸில் வெயில் அடித்தது. சாயம் ஒன்றோடொன்று குழம்பாமல், குத்தின இடத்தில் குத்தினபடி பளிச்சென்று இருந்தது. கீழே வலது ஓரத்தில், ஓர் இலைக்குள் இலையாக, தபால் முத்திரை மாதிரி வட்டமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். "டீ ஆறுது" என்று மட்டும் சொன்னேன். அன்று அவர் ரொட்டியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

விடுமுறைக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகள் கல்லூரியில் பாடம் எடுப்பவள். நல்ல பெண், வாயில்தான் பூட்டு கிடையாது. படங்களையெல்லாம் பார்த்துவிட்டு சமையலறைக்கு வந்தாள்.

"அத்தை, படமெல்லாம் நிஜமாவே நல்லா இருக்கு. மாமா ஏன் சீல் மாதிரி கையெழுத்து போடறாரு?"

நான் அந்த 'நம்ம ஆளு' கதையைச் சொன்னேன். போஸ்ட், இம்ப்ரெஷன், அத்தாட்சி எல்லாம். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"அத்தை, அந்த போஸ்ட் தபால் இல்ல. போஸ்ட்னா அப்புறம்னு அர்த்தம். இம்ப்ரெஷனிஸ்ட்னு ஒரு கூட்டம் இருந்தாங்க. அவங்களுக்கு அப்புறம் வந்தவங்க இவங்க."

"அப்ப அதுல முத்திரை குத்தினவங்க யாருமே இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்துவிட்டேன், சிரிக்காமல் எப்படி? சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். இது அவர் காதில் விழுந்தால், அதுவும் நாலு பேர் சிரிக்கிற சத்தத்தோடு விழுந்தால், பாட்டும் சைக்கிளும் போன இடத்துக்கே தூரிகையும் போகும். மனிதர் ஜன்னல் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மருமகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அதற்குத் தகுந்த மாதிரி நூலகக்காரர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். இந்தப் பகுதியில் படம் வரைகிறவர்கள் ஆளுக்கு ஒரு படம் கொண்டுவர வேண்டும், படத்தின் பக்கத்தில் நின்று சில வார்த்தை பேச வேண்டும். திறந்து வைக்க, நாங்கள் மழைக்கு ஒதுங்கிய அந்த ஓவியக் கூடத்தை நடத்துகிற அம்மா வருகிறார். இவர் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். "எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட். வேலையில சேர்ந்த நாள்ல இருந்தே போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்." போதாக்குறைக்கு ஆபீஸ் சிநேகிதர்கள் எல்லோரையும் அழைத்துவிட்டார்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஆனது என் பாடு. சவரம் செய்கிறபோது சொல்லலாம் என்று போனேன், கையில் பிளேடைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அகராதியில் போஸ்ட் என்ற சொல் இருக்கிற பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அதை மூடி, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். கடைசியில், "தொண்டை சரியில்லன்னு சொல்லி பேசாம இருந்துடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எனக்குத் தொண்டை நல்லாத்தானே இருக்கு? உனக்கு என்ன பண்ணுது?"

எனக்கு என்ன பண்ணியது என்று எப்படிச் சொல்வது? 

கண்காட்சி அன்று காலை வரை அவர் படத்தில் இலை குத்திக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது. எதைப் போட்டுச் சுற்றினாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், படத்தை அப்படியே வானம் பார்க்கப் படுக்க வைத்து, அவர் முன்னாலும் நான் பின்னாலும் பிடித்துக்கொண்டு நடந்தோம். நோயாளியைத் தூக்கிப் போகிறோம் என்று நினைத்து ஒரு ஆட்டோக்காரர் வழி விட்டார்.

சிக்னலில் அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் எதிரில் வந்தார். ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற மேசையில் இருந்தவர். "அண்ணே, எல்லாரும் வந்தாச்சு. முன்வரிசை பூரா நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு அவசரமாக முன்னால் போய்விட்டார்.

முன்வரிசை என்ற வார்த்தை என்னைக் குத்தியது. அந்தக் கல்யாண வரவேற்பு கண் முன்னால் வந்து நின்றது.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். சொல்லிவிட்டேன். மருமகள் சொன்னதை அப்படியே, மூச்சு விடாமல், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அவர் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"தபால் இல்லையா?"

"இல்லங்க."

"அப்ப அவர் நம்ம ஆளு இல்ல."

"இல்லங்க."

"வீட்டுக்குப் போலாம்" என்றார். சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பவும் ஆரம்பித்தார். ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில். அவர் திரும்பினால் நான் செக்கு மாடு மாதிரி சுற்ற வேண்டும். நான் சுற்றவில்லை. நடைபாதையில் காலை ஊன்றி நின்றேன். அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். என் கை வழுக்கி, ஐந்து விரலோடு உள்ளங்கையும் சேர்ந்து காட்டுப் பாதையின் நடுவில் பதிந்தது.

கையை எடுத்துப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. அவ்வளவுதான், எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்ங்க. சிரிச்சா உடம்புல ஓட்டையா விழப்போகுது? அன்னைக்கு எவனோ சிரிச்சான்னு பாட்டை விட்டீங்க. எவன் சிரிச்சான்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது, நான்தான் இத்தனை காலமா பாட்டு இல்லாத வீட்ல இருக்கேன். இதையும் விட்டுட்டு திரும்ப அந்த ஜன்னல் நாற்காலில உக்காந்தீங்கன்னா என்னால பாக்க முடியாது. சொல்லிட்டேன்."

ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் படத்தை ஒரு மதில் திட்டில் வைத்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு, என் கை பதிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கையை எடுத்தப்ப இழுத்து எடுத்தியா, நேரா தூக்கினியா?"

"அது ஒண்ணுதான் கேடு. யாருக்குத் தெரியும்?"

"நேராத்தான் தூக்கியிருக்க. ரேகைகூட தெரியுது பாரு." மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "சுத்தமான இம்ப்ரெஷன். புதுசா சேர்ற ஆளுங்களுக்கு இப்படி விழ வருஷக் கணக்காகும்."

"கிண்டல் போதும். மேல நாலு இலையைக் குத்தி மறைச்சுடுங்க. தூரிகை பையிலதான் இருக்கு."

"ஒரே இடத்துல ரெண்டு தடவை குத்தக் கூடாது" என்றார். பிறகு முன் முனையைப் பிடித்தார். நூலகத்தின் பக்கம் பார்த்து நின்றார். "பிடி. நேரமாச்சு" என்றார்.

நூலகக் கூடத்தில் அவர் முறை வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்வரிசையில் தபால் ஆபீஸே உட்கார்ந்திருந்தது. ஓவியக் கூடத்து அம்மா படத்தின் முன் நின்று, கிட்டே போய், தள்ளி வந்து, மறுபடியும் கிட்டே போனார். "நல்லா வந்திருக்குங்க ஐயா. இது என்ன பாணி?" என்று கேட்டார்.

இவர் தொண்டையைச் செருமினார். "போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போஸ்ட்னா தபால்னு நினைச்சுதாங்க நான் ஆரம்பிச்சேன். நான் முத்திரை குத்தினவன். உங்க கூடத்துல அந்தக் காட்டுப் படத்தைப் பார்த்துட்டு, வரைஞ்சவர் நம்ம இலாகான்னு நினைச்சுட்டேன். போஸ்ட்னா அப்புறம்னு அர்த்தமாம். இப்ப வர்ற வழியிலதான் என் வீட்டுக்காரி சொன்னா."

கூடம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து அந்தக் கடிதம் பிரிக்கிறவர் எழுந்து, "அப்ப தபால் இல்லையாண்ணே?" என்று பரிதாபமாகக் கேட்டார். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. நான் கண்ணைத் திறந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் தெரிந்தது.

"ஆனா ஒண்ணுங்க" என்றார் சிரிப்பினூடே. "எனக்கு இருந்த போஸ்டும் போச்சு. அது போன அப்புறம் வரைஞ்சது இது. எப்படிப் பார்த்தாலும் நான் போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்தான்."

அந்த அம்மா கைதட்டினார். பிறகு பாதையின் நடுவைக் காட்டி, "இந்தக் கை?" என்று கேட்டார்.

"அது என் வீட்டுக்காரியோட முத்திரை. அது விழலைன்னா இது இங்க வந்து சேர்ந்திருக்காது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைக் கையை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் அடுப்படியில் இருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து வேறொரு சத்தமும் வந்தது. குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் கதவருகே போனேன். பாட்டு. அன்று மைக்கில் பாதியில் விட்ட அதே பாட்டு, விட்ட வரியிலிருந்தே ஆரம்பித்திருந்தார்.

அந்த வரவேற்பில் சிரித்தவர்கள் பேரில் எனக்கு இத்தனை காலமாகத் தீராத கோபம். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அன்று காலையில்தான் தெரிந்தது. சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எதிர் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "அக்கா, அங்க யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல, பாடறாரு" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் கதவில் சாய்ந்து கடைசி வரை கேட்டேன்.